வரி ஓடிய மாங்கட்டையைக் கடைவதற்கு முன்

டர்பன் கோடைமழையில் வெட்டிப் போட்ட மாங்கட்டையில் சில மாதங்களிலேயே கறுப்பு வரி ஓடிவிடும். பூஞ்சைகள் ஒன்றையொன்று நெருங்கவிடாமல் போட்டுக்கொள்ளும் வேலிதான் அது. டர்பனின் சாட்ஸ்வொர்த் பகுதியில் யார் வீட்டு மாமரம் சாய்ந்தாலும் பக்கியோடு (சின்ன சரக்கு வண்டி) போய் நிற்பவன் நான். லேத்தில் சுழலவிட்டுக் கடைய, இந்த வரிக்காகத்தான். ஆனால் வரி போடும் பூஞ்சையே மரத்தையும் தின்கிறது.

முதலில் நகத்தால் அழுத்திப் பாருங்கள். தடம் மட்டும் விழுந்தால் சரி. விரலில் உதிர்ந்தால் தூக்கிப் போடுங்கள், அது இறைச்சி சுடும் பிராய் அடுப்புக்குக்கூட ஆகாது.

அடுத்து கட்டையைக் காயவைப்பது. ஈரம் 20 சதவீதத்துக்குக் கீழே இறங்கினால் பூஞ்சை அடங்கிவிடும். வெட்டுமுனைகளில் மெழுகோ பழைய பெயின்ட்டோ பூசி, நிழலில், தரையில் படாமல் அடுக்குங்கள். நம் ஊர் கோடைக்காற்றில் எதுவும் லேசில் காயாது. இங்கே வறண்ட குளிர்காலமான ஜூன், ஜூலை வரட்டும். தராசில் எடை போட்டு, அதைத் தேதியோடு கட்டைமேலேயே பென்சிலால் எழுதி வையுங்கள். எடை குறைவது நின்றால் எடுக்கலாம்.

அங்கங்கே மட்டும் மெத்தென்று இருந்தால் மெல்லிய சூப்பர் குளூ போதும். முழுக்கட்டையில் ஊற்றுவது காசுக்குக் கேடு, சில மில்லிமீட்டர்தான் இறங்கும். கடைசி உருவம் நெருங்கும்வரை கடைந்துவிட்டு, செல்லாக் சீலரை (அரக்குப் பூச்சு) எல்லா இடமும் பூசுங்கள். இல்லையென்றால் பசை பட்ட இடம் திட்டாகத் தெரியும். அப்புறம் மெத்தான இடத்தில் பசையைச் சொட்டு சொட்டாக விடுங்கள். வறண்ட மண் தண்ணீரைக் குடிப்பதுபோலக் குடிக்கும். குடிப்பது நின்றதும் நிறுத்துங்கள். பருத்தித் துணியால் துடைக்காதீர்கள், சூடேறிப் புகையும். கராஜ் கதவு திறந்தே இருக்கட்டும். ஓர் இரவு விட்டு மறுபடி கடையுங்கள்; உள்ளே மெத்தான இடம் வந்தால் இன்னொரு முறை.

கட்டை முழுக்க மெத்தென்று இருந்தால் காற்றை உறிஞ்சி எடுக்கும் வெற்றிடத் தொட்டியும், சூட்டில் இறுகும் ரெசின் என்ற திரவப் பிசினும் வேண்டும். பேனா, கைப்பிடி அளவுக் கட்டைக்குத்தான் இந்தச் செலவு தகும். கட்டையை 104 டிகிரி செல்சியஸ் ஓவனில், எடை இறங்குவது நிற்கும்வரை வையுங்கள். ஈரம் மிச்சம் இருந்தால் ரெசின் நுழையாது. மூடிய பையில் ஆறவிட்டு, ரெசினில் மூழ்கடித்து, குமிழி நிற்கும்வரை காற்றை உறிஞ்சுங்கள். உறிஞ்சுவது நின்ற பிறகுதான் ரெசின் உள்ளே போகும், அதனால் இன்னும் பல மணி நேரம் ஊறட்டும். பிறகு அலுமினியத் தாளில் சுற்றிச் சுடவேண்டும். சமையலறை ஓவனைத் தொடாதீர்கள், பழையது ஒன்றை வாங்கிக்கொள்ளுங்கள். லோட் ஷெடிங் (மின்வெட்டு) நாளில் ஆரம்பிக்கவே வேண்டாம்.

கடையும்போது நுண்தூசியைத் தடுக்கும் பி2 மாஸ்க் கட்டாயம். மாமரத்தூள் சிலருக்குத் தோலில் அரிப்பும் கொடுக்கும். உளியை அடிக்கடி தீட்டி, மெல்லியதாகச் சீவுங்கள். உப்புத்தாளை விரலால் அழுத்தினால் மெத்தான பக்கம் குழியும். லேத்தை நிறுத்திவிட்டு, சிறு மரத்துண்டில் தாளைச் சுற்றித் தேயுங்கள்.