டிஸ்டோப்பியா கான்செப்ட் ஆல்பம்: கதையை விளக்காமல் ஒலியிலேயே கட்டுவது எப்படி

கான்செப்ட் ஆல்பம், அதாவது ஒரே கருவைச் சுற்றிப் பின்னிய பாடல் தொகுப்பு, என்றதும் பல பேண்டுகள் முதலில் நீளமாக ஒரு கதை எழுதிவிடும். மூன்றாவது பாடலுக்குள் வரிகளெல்லாம் விளக்கவுரையாகிவிடும், கோரஸில் பாட ஒன்றும் மிஞ்சாது. கதையை ஒதுக்கிவிட்டு உங்கள் டிஸ்டோப்பியாவின், அதாவது அந்தக் கொடுங்கனவு உலகத்தின், ஒரே ஒரு சட்டத்தை ஒரு வாக்கியத்தில் எழுதுங்கள். அந்தச் சட்டத்தை அப்படியே இசைக்கான கட்டுப்பாடாக மாற்ற முடிய வேண்டும். 'எல்லோரையும் கண்காணிக்கிறார்கள்' என்பது உதவாது, அது காதில் கேட்காது. 'இந்த நகரத்தில் அமைதிக்குத் தடை' என்பது உதவும். ஆல்பம் முழுக்க ஒரு ரீங்காரம் ஓட வேண்டும், ஒரே ஓர் இடத்தில் மட்டும் நிற்க வேண்டும் என்ற விதி அதிலிருந்து தானாக வந்துவிடுகிறது. இந்த உதாரணத்தையே பிடித்துக்கொண்டு மேலே போவோம்.

ரீங்காரத்தை ஜி சுரத்தில், அதாவது 49 ஹெர்ட்ஸில் வையுங்கள். 50 ஹெர்ட்ஸ் மின் இரைச்சலைப் பதிவுசெய்து போட்டால் அது ஜி-யைவிடச் சுமார் 35 சென்ட் (அரைச்சுரத்தில் நூறில் ஒரு பங்குதான் ஒரு சென்ட்) ஏறி நிற்கும், வாத்தியங்களோடு சேராது. பதிவுதான் வேண்டுமென்றால் அந்த 35 சென்ட்டை இறக்கிவிடுங்கள். போன் ஸ்பீக்கரில் 49 ஹெர்ட்ஸ் கேட்கவே கேட்காது. 98, 196, 392 ஹெர்ட்ஸ் மேல்சுரங்களை மெலிதாகச் சேர்த்தால்தான் அது இருப்பதே தெரியும். பாட்டுக்குப் பாட்டு தனித்தனியாகச் செய்யாமல் நாற்பது நிமிடத்துக்கும் ஒரே கோப்பாக உருவாக்கிக்கொள்ளுங்கள். துண்டு துண்டாகச் செய்தால் அலைகள் பொருந்தாமல் ஒவ்வொரு எல்லையிலும் 'டிக்' என்று கேட்கும்.

தம்புரா ஒன்றுதான், பாடல்கள் மட்டும் மாறுகின்றன என்று வைத்துக்கொண்டால் சுருதித் தேர்வு எளிது. ஜி மைனரில் இந்த ரீங்காரம் ஆதாரம், சி மைனரில் ஐந்தாவது சுரம், ஈ ஃபிளாட் மேஜரில் மூன்றாவது. மூன்றிலும் சுகமாக உட்காரும். டி மைனரில் லேசாக உராயும், அதுவும் நல்லதே. எஃப் ஷார்ப் மைனரில் ஒரே ஒரு பாடல் வையுங்கள். ஆதார சுரத்துக்கு அரைச்சுரம் மேலே ரீங்காரம் ஒலிப்பதால் கேட்பவருக்குக் காரணம் புரியாமலே நெருடும். இப்படி இரண்டு பாடல் வைத்தால் சுருதி சேரவில்லை என்றுதான் நினைப்பார்கள்.

வேகத்துக்கு 80, 120 பிபிஎம் (நிமிடத்துக்கு இத்தனை பீட்) என்ற ஜோடி வசதியானது. 80-இல் ஓடும் டிரிப்லெட்டும் (பீட்டுக்கு மூன்று) 120-இல் ஓடும் எட்டாம் நோட்டும் (பீட்டுக்கு இரண்டு) நிமிடத்துக்கு 240 தட்டுதான். அந்தத் தட்டைப் பிடித்துக்கொண்டு ஒரு பாடலிலிருந்து அடுத்ததுக்குள் தடம் தெரியாமல் நுழையலாம்.

ரீங்காரம் நிற்கும் இடம்தான் ஆல்பத்தின் மையம். நாற்பது நிமிட ஆல்பத்தில் முப்பதாவது நிமிடத்தை ஒட்டி, ஒரு பாடலின் நடுவில் வையுங்கள். இரண்டு பாடல்களுக்கு இடையே வைத்தால் வழக்கமான இடைவெளி என்று காது ஒதுக்கிவிடும். ஃபேட் அவுட் வேண்டாம். மெல்லக் குறைந்தால் நின்றதே தெரியாது. 10 மில்லிசெகண்டில் வெட்டுங்கள், கிளிக் வராமல் இருக்க அது போதும். நான்கைந்து நொடி விடுங்கள். முழுப் பூஜ்ஜியமாக்கினால் பிளேயர் நின்றுவிட்டது என்று போனைப் பார்ப்பார்கள். பாடுபவர் மூச்சிழுக்கும் ஓசையையும் அறையின் மெல்லிய சத்தத்தையும் விட்டுவையுங்கள்.

வரிகளில் ஆட்சி, அதிகாரம், சுதந்திரம் போன்ற பெரிய சொற்களை வெட்டிவிட்டு அந்த ஊரின் காகிதங்களை எழுதிப் பாருங்கள்: லிஃப்டில் ஒட்டிய அறிவிப்பு, அபராதச் சீட்டு, ரேஷன் விண்ணப்பத்தின் ஏழாவது கேள்வி. கோரஸ் மட்டும் மனிதக் குரலில், நான்கைந்து சொற்களில் இருக்கட்டும். கதை தெரியாத ஒருவரிடம் ஒரு பாடலை மட்டும் போட்டுக்காட்டுங்கள். தனிப் பாடலாக நிற்கவில்லையென்றால் இது பாப் அல்ல, நாடகத்தின் ஒரு காட்சி. ஆர்ட்-பாப்பில், அதாவது சோதனை முயற்சிகள் கலந்த பாப்பில், பலர் கோட்டை விடுவது இங்கேதான்.

அரசு அறிவிப்புக் குரலுக்கு 300 முதல் 3400 ஹெர்ட்ஸ் வரை மட்டும் விட்டு மற்றதை வடிகட்டினால் பழைய தொலைபேசி ஒலி கிடைக்கும். இன்னும் நன்றாக வேண்டுமானால் அதைச் சின்ன ஸ்பீக்கரில் ஓடவிட்டு மாடிப்படியில் மைக் வைத்துத் திரும்பப் பதியுங்கள். யாரோ ஒலிபரப்பிய வானொலிக் குரலை எடுத்துப் போடாதீர்கள், உரிமைச் சிக்கல் வரும். வோகோடரை (குரலை இயந்திரக் குரலாக்கும் கருவி) எல்லாக் குரலிலும் போடுவது இன்னொரு வழக்கமான பிழை. இயந்திரக் குரல் அதிகாரத்துக்கு மட்டும், மனிதக் குரல் மைக்கிலிருந்து ஒரு சாண் தூரத்தில், எதிரொலி இல்லாமல். வோகோடரில் சொல் புரியவில்லையென்றால் கேரியராக, அதாவது குரலின் வடிவத்தை ஏற்கும் அடிப்படை ஒலியாக, சா-டூத் போலப் பிரகாசமான அலையைக் கொடுங்கள், மூலக் குரலில் 5 கிலோஹெர்ட்ஸுக்கு மேற்பட்ட பகுதியையும் கலந்துவிடுங்கள். ச, ட, ப எல்லாம் திரும்பி வரும்.

மாஸ்டரிங்கை, அதாவது வெளியீட்டுக்கு முந்தைய இறுதி ஒலிச் சீரமைப்பை, எல்லாப் பாடலையும் ஒரே செஷனில் வரிசையாக அடுக்கிச் செய்யுங்கள். தனித்தனியாக ஏற்றினால் ரீங்காரத்தின் அளவு பாட்டுக்குப் பாட்டு குதிக்கும். ஒட்டுமொத்த அளவு −14 எல்யுஎஃப்எஸ் (காதுக்குக் கேட்கும் சத்தத்தை அளக்கும் அலகு), உச்சம் −1 டெசிபல் என்ற பக்கமாக இருந்தால் ஸ்ட்ரீமிங்குக்குப் போதும். ஒப்படைக்கும் கோப்பு வேவ் அல்லது ஃப்ளாக் ஆகட்டும். எம்பி3 ஆக்கும்போது முனைகளில் சிறிது வெற்றிடம் சேரும், தொடர் ரீங்காரம் அங்கே அறுந்துவிடும். சிடி போடுவதானால் பாடல் எல்லைகள் 588 சாம்பிளின் (டிஜிட்டல் ஒலியின் ஒவ்வொரு அளவீடும் ஒரு சாம்பிள்) மடங்கில் விழ வேண்டும், சிடியின் ஒரு ஃபிரேம் அவ்வளவுதான்.

வினைல் இசைத்தட்டு என்றால் ஒரு பக்கத்துக்கு இருபது நிமிடத்துக்குள் நிறுத்துங்கள். அதற்கு மேல் போனால் ஒலி அளவைக் குறைத்துத்தான் வெட்டுவார்கள். தாழ்ந்த அதிர்வுகள் மோனோவில், அதாவது இரு பக்கமும் ஒரே ஒலியாக, இருக்கட்டும். தட்டின் உள்வட்டத்தில் உயர் அதிர்வுகள் சிதையும், ஆகவே 'ச', 'ஸ' நிறைந்த பாடலைப் பக்கத்தின் கடைசியில் வைக்காதீர்கள்.

பாடல்களை இணைக்கும் பகுதியை முந்தைய பாடலின் வாலில் வையுங்கள். அடுத்ததன் தலையில் வைத்தால், ஷஃபிளில் கேட்பவர் பாட்டு தொடங்க இருபது நொடி காத்திருந்து தாண்டிப் போய்விடுவார். சிங்கிளாக வெளியிடும் பாடலுக்கு மட்டும் இரு முனையிலும் ரீங்காரத்தைக் குறைத்த தனிப் பதிப்பு ஒன்றை அதே செஷனிலேயே எடுத்து வைத்துக்கொள்ளுங்கள்.