எந்தத் துறைக்குப் போவது? முடிவெடுக்கும் முன் சிக்கல் எங்கே என்று பாருங்கள்

மனதில் இரண்டு மூன்று துறைகள் ஓடுகின்றன, எதையும் உறுதியாகப் பிடிக்க முடியவில்லை என்பவர்களுக்கு இந்தப் பதிவு. நானும் அப்படி இழுபறியில் கிடந்து வெளியே வந்தவன். எனக்குக் கைகொடுத்த வரிசையிலேயே எழுதுகிறேன். பயோடேட்டா, நேர்முகத் தேர்வு எல்லாம் இதில் கிடையாது.

படி 1: எந்த வகைத் தயக்கம்?

காட்டி, க்ராஸ், ஓசிபோ என்ற மூன்று ஆய்வாளர்கள் 1996-இல் இந்தத் தடுமாற்றத்தை மூன்றாகப் பிரித்தார்கள்: முடிவெடுக்கவே மனம் தயாராகாதது, தகவல் போதாதது, தகவல்கள் ஒன்றோடொன்று முட்டிக்கொள்வது.

உங்களுடையது எது? "நான் இன்னும் முடிவெடுக்காததற்குக் காரணம்..." என்று தொடங்கி ஒரே ஒரு வரி எழுதுங்கள். "அங்கே நாள் முழுக்க என்ன செய்வார்கள் என்றே தெரியாது" என்று வந்தால் தகவல் குறைவு. "எனக்குப் பிடித்திருக்கிறது, வீட்டில் வேண்டாம் என்கிறார்கள்" என்று வந்தால் முரண். "இப்போது என்ன அவசரம்?" என்றால் முதல் வகை, அதற்கு ஒரு கடைசித் தேதி குறிப்பதுதான் வழி.

மூன்று வகைக்காரர்களும் செய்வது என்னவோ ஒன்றுதான்: இன்னும் நாலு வீடியோ பார்ப்பது. முரணில் மாட்டியவருக்கு அது குழப்பத்தைத்தான் கூட்டும்.

(சட்டை வாங்கவே ஒரு மணி நேரம் திண்டாடுபவரா? அப்படியானால் பிரச்சினை வேலைத் தேர்வில் மட்டும் இல்லை. நல்ல ஆலோசகரிடம் பேசுவது உத்தமம்.)

படி 2: ஆர்வத் தேர்வு

அமெரிக்க உளவியலாளர் ஜான் ஹாலண்ட் வகுத்த ஆறு ஆர்வ வகைகளை வைத்து நிறைய தேர்வுகள் இருக்கின்றன. அமெரிக்கத் தொழிலாளர் துறையின் ஓ-நெட் தளத்தில் இலவசமாகவே ஒன்று கிடைக்கிறது. காசு கொடுத்து எழுதாதீர்கள். மனதில் ஓடும் துறைகளில் சிலவற்றை அடிக்க மட்டும் அது உதவும். உங்களுக்காகத் தேர்ந்தெடுத்துத் தராது.

படி 3: அந்த வேலையில் இருப்பவரிடம் பேசுங்கள்

நான் அதிக நாள் முட்டி நின்ற இடம் இதுதான். "இந்தத் துறை நல்லதா?" என்று கேட்டால் "நல்லதுதான், ஆனால் உழைக்கணும்" என்பார்கள். எந்தத் துறைக்காரரும் சொல்லக்கூடிய பதில். அதை வைத்துக்கொண்டு என்ன செய்வது?

"நேற்று காலையில் இருந்து சாயங்காலம் வரை என்னென்ன செய்தீர்கள்?" என்று கேளுங்கள். கட்டட வடிவமைப்பாளர் ஒருவரிடம் கேட்டேன். ஒப்பந்ததாரரோடு நீண்ட போன் பேச்சு, ஒரு கதவின் அளவு மாறியதால் நான்கு வரைபடங்களில் திருத்தம், அனுமதி விண்ணப்பத்துக்கான தாள்கள். புதிதாக வரைந்தது அரை மணி நேரம்கூட இல்லை. வரையப் பிடிக்கும் என்பதற்காகவே அந்தப் பக்கம் சாய்ந்திருந்த எனக்கு அந்த ஒரு பதில் போதுமானதாக இருந்தது.

அடுத்த கேள்வி: "இதில் எது அலுப்பு?" அவருக்கு அலுப்பூட்டுவதை உங்களால் வருடக்கணக்கில் பொறுத்துக்கொள்ள முடியுமா என்று யோசியுங்கள். பிடித்த பகுதியை வைத்து முடிவெடுப்பதைவிட இதை வைத்து எடுப்பதையே நான் நம்புகிறேன்.

படி 4: இரண்டு பத்தி

1772-இல் ஆங்கில வேதியியலாளர் ஜோசப் பிரீஸ்ட்லி, தனக்கு வந்த ஒரு வேலையை ஏற்பதா என்று அமெரிக்க அறிஞர் பெஞ்சமின் பிராங்க்ளினிடம் கேட்டார். எதை முடிவு செய்வது என்று தன்னால் சொல்ல முடியாது, எப்படி என்று சொல்கிறேன் என்று பதில் எழுதினார் பிராங்க்ளின்: தாளை இரண்டாகப் பிரி, சாதகம் ஒரு பக்கம், பாதகம் ஒரு பக்கம். மூன்று நான்கு நாள் தோன்றத் தோன்ற எழுது, பிறகு சம எடையுள்ளவற்றை இருபக்கமும் அடித்துக்கொண்டே வா. பிரீஸ்ட்லி அந்த வேலைக்குப் போனார். 1774-இல் ஆக்சிஜனைப் பிரித்தெடுத்தது அங்கே இருந்தபோதுதான்.

அந்த மூன்று நான்கு நாளைத் தவிர்க்காதீர்கள். ஒரே மூச்சில் எழுதினால் அன்றைய மனநிலைதான் தாளில் இறங்கும். அப்புறம், தாளிலேயே செய்யுங்கள், எக்செல் வேண்டாம். எக்செலில் மதிப்பெண் போட்டால் பிடித்தது ஜெயிக்கும்வரை எண்களை மாற்றிக்கொண்டே இருப்போம். அப்படி மாற்றத் தோன்றினால் மனம் ஏற்கெனவே முடிவெடுத்துவிட்டது என்று அர்த்தம்.

பின்சேர்க்கை: "வீட்டோடுதான் முரண், என்ன செய்ய?" என்று சிலர் கேட்டிருந்தார்கள். அவர்கள் பயப்படுவது வருமானத்துக்கா, வேலை நிலைக்குமா என்பதற்கா, நாலு பேர் பேசுவதற்கா என்று முதலில் பிரித்துக் கேளுங்கள். முதல் இரண்டுக்கும் படி 3-இல் சந்தித்தவரிடமே பதில் இருக்கும். முடிந்தால் அவரையே வீட்டில் பேச வையுங்கள்.

"பேச ஆள் கிடைக்கவில்லை" என்பவர்களுக்கு: பெரிய பதவியில் இருப்பவரைத் தேடாதீர்கள், ஆரம்பகால வேலை அவருக்கு மறந்திருக்கும். சேர்ந்து இரண்டு மூன்று வருடம் ஆனவரைப் பிடியுங்கள். இருபது நிமிடம் போதும், வேலை கேட்டு வரவில்லை என்று முதல் வரியிலேயே சொல்லிவிடுங்கள்.