போனில் வைத்தியம்: புது டாக்டர்கள் தவிர்க்க வேண்டியவை

எங்கள் கிளினிக்கில் சேரும் இளம் டாக்டர்கள் போனில் நோயாளி பார்ப்பதைக் கவனித்தால், 2020-ல் நான் அடித்த அதே கூத்துதான். ஊரடங்கு தொடங்கிய மார்ச் 25-லேயே மத்திய அரசின் தொலைமருத்துவ வழிகாட்டுதலும் வந்தது. மே மாதம் அரசிதழில் ஏறி, 2002-ம் ஆண்டின் மருத்துவர் நடத்தை விதிகளுக்குப் பின்னிணைப்பாகிவிட்டது. மீறினால் மருத்துவ கவுன்சிலுக்குப் பதில் சொல்ல வேண்டும். சீட்டில் பதிவு எண் போடுவதையெல்லாம் நான் சொல்லித்தர வேண்டாம், நேராக விஷயத்துக்கு வருகிறேன்.

பழைய சீட்டைப் பார்த்து 'ரிபீட்' எழுதுவது

முக்கூடல் பக்கம் பீடி சுற்றும் ஒரு அம்மா, மகன் மும்பையில். "பிரஷர் மாத்திரை தீந்துட்டு டாக்டர், அதையே எழுதிக் குடுங்க" என்று வாட்ஸ்அப்பில் சீட்டைப் படம் எடுத்து அனுப்பினான். கையெழுத்து என்னுடையதுதான், தேதி இருந்த மூலையில் எண்ணெய்க் கறை. ஒரு மாதத்துக்கு எழுதி அனுப்பிவிட்டேன். அந்த அம்மா என்னிடம் வந்து எட்டு மாதம் ஆகியிருந்தது, நடுவில் வேறொரு டாக்டர் மருந்தை மாற்றியிருந்தார். பாவம், இரண்டையும் ஒழுங்காகப் போட்டிருக்கிறார். மடியில் சுளகோடு அப்படியே சுவரில் சாய்ந்துவிட்டாராம். ஆட்டோவில் கொண்டுவந்தபோது பிரஷர் 90/60.

விதி தெளிவாகவே இருக்கிறது. அதே டாக்டரை நேரில் பார்த்து 6 மாதத்துக்குள், அதே நோய்க்குப் பேசினால்தான் அது தொடர் ஆலோசனை. இடையில் புதுத் தொந்தரவு வந்திருந்தாலோ, பழைய விவரம் நமக்கு ஞாபகம் இல்லாவிட்டாலோ அது முதல் ஆலோசனைதான்; அப்போது வீடியோவில் பார்த்தால்தான் வழிகாட்டுதலின் 'ஏ' பட்டியல் மருந்துகளையே எழுதலாம், தொடர் ஆலோசனைக்கு மட்டுமான 'பி' பட்டியலைத் தொடவே கூடாது. தேதி கேட்க பத்து விநாடி ஆகுமா? போனை அம்மாவிடம் கொடுக்கச் சொல்லியிருந்தால் இரண்டு அட்டையையும் அவரே வாசித்துக் காட்டியிருப்பார். அதை நினைத்தால் இன்றைக்கும் என் மேலேயே எரிச்சல் வருகிறது.

அல்பிரசோலம்

பதற்றத்துக்கும் தூக்கத்துக்கும் கேட்கும் இந்த மாத்திரை போனில் கிடையாது. எவ்வளவு கெஞ்சினாலும்.

சம்மதம்

நோயாளியே கூப்பிட்டால் சம்மதம் உண்டு என்று எடுத்துக்கொள்ளலாம். நாமோ நம் நர்ஸோ கூப்பிட்டால் கேட்டு வாங்கிப் பதிய வேண்டும்.

நெஞ்சுவலி

முதலுதவி சொல்லுங்கள், 108-ஐக் கூப்பிடச் சொல்லுங்கள், ஹைகிரவுண்டு அரசு மருத்துவமனைக்கு அனுப்புங்கள். அப்புறம் பேசிக்கொள்ளலாம்.

பதிவேடு

கடைசியாக நேரில் வந்த தேதிக்கு என் நோட்டில் சிவப்பு மையில் தனிக் கட்டம். அது காலியாக இருந்தால் பேனாவைத் திறப்பதில்லை.