ஹஜர் மலையில் வெறுங்கல் என்று ஏமாறும் இடங்கள்

ஓமானிலும் அமீரகத்தின் கிழக்கு ஓரத்திலுமாக நீளும் மலைத்தொடர் ஹஜர். அரபியில் ஹஜர் என்றால் கல். பெயருக்கேற்ற மொட்டைக் கல்தான், ஆனால் அந்த மொட்டையில்தான் சிக்கலே இருக்கிறது.

முதல் தவறு, உயிரை வாங்கும் தவறு, வாதிக்குள் கூடாரம் அடிப்பது. (நம்மூரில் வாதி வழக்குப் போட்டவர், அங்கே காட்டாற்றுப் பள்ளத்தாக்கு.) பெரும்பாலான நாட்கள் வறண்டு, சமமான கூழாங்கல் தரையும் நிழலுமாக, படுத்துத் தூங்கு என்று கூப்பிடும். மண்ணும் மரமும் இல்லாத சரிவில் மழை ஊறாது; விழுந்ததெல்லாம் வழிந்து ஒரே இடுக்கில் வந்து சேரும். உங்கள் தலைக்குமேல் வானம் தெளிவாக இருக்கும்போதே, பல கிலோமீட்டருக்கு அப்பால் மலைமேல் பெய்த மழை கீழே வந்துவிடும். பாறைச் சுவரில் காய்ந்த சேற்றுக்கோடும் முட்புதரில் சிக்கிய குப்பையும் எவ்வளவு உயரத்தில் இருக்கின்றன என்று பாருங்கள். போன வெள்ளம் அதுவரை வந்திருக்கிறது. இடம் பிடிப்பது அதற்கும் மேலே. ஓடும் நீரில் காரை இறக்கவே கூடாது. 30 செ.மீ. ஆழம் சின்னக் காரை மிதக்கவிடும், 60 செ.மீ. பெரிய வண்டியையும் இழுத்துவிடும்.

பாலைவனம்தானே என்று அரைக்கைச் சட்டையோடு போவது அடுத்தது. ஆயிரம் மீட்டர் ஏறினால் ஆறேழு டிகிரி குறையும். இந்தத் தொடரின் மிக உயரமான சிகரம் ஜெபல் ஷம்ஸ் (அரபியில் சூரிய மலை), சுமார் 3,000 மீட்டர். குளிர்கால இரவில் அங்கே உறைபனி சகஜம், எப்போதாவது பனியே பெய்யும். பெயரை நம்பினால் நடுங்க வேண்டியதுதான்.

இதே தொடரில் உள்ள ஜெபல் அக்தர் மலைக்கு, அடிவார ஊரான பிர்கத் அல் மவ்ஸ் வழியாக ஏறும் சாலை நல்ல தார்ச்சாலைதான். ஆனாலும் அடிவாரத்தில் காவலர்கள் நான்கு சக்கரத்துக்கும் எஞ்சின் விசை போகும் வண்டியா (4WD) என்று பார்த்துத்தான் விடுவார்கள். ஏறுவதைவிட இறங்குவதுதான் ஆபத்து. பிரேக்கை மிதித்தபடியே வந்தால் அது சூடேறிப் பிடிப்பை இழக்கும். முதல் அல்லது இரண்டாம் கியரில் போட்டு, வேகத்தை எஞ்சினே அடக்கும்படி இறங்குங்கள்.

கரும்பழுப்புப் பாறையைப் பார்த்ததும் எரிமலை என்று முடிவுகட்டுபவர்கள் நிறைய. அதில் பெரும்பகுதி கடலடித் தரையும் அதற்கும் கீழே இருந்த பாறையும். சுமார் 9.5 கோடி ஆண்டுகளுக்கு முன் உருவாகி, பின்னர் நிலத்தின்மேல் தள்ளப்பட்டவை. நொறுங்கும் பாறை அது, கைப்பிடியை நம்பாதீர்கள். ஜெபல் ஷம்ஸ், ஓமானின் வடகோடித் தீபகற்பமான முசந்தம் பக்கமெல்லாம் வெளிறிய சுண்ணாம்புக்கல்.

முசந்தத்தின் கடற்கழிகளை 'அரேபியாவின் நார்வே' என்று விளம்பரம் செய்கிறார்கள். நார்வேயில் பள்ளம் தோண்டியது பனியாறு. இங்கே பனியாறே கிடையாது. மலை மெல்ல அமிழ, ஆறு அரித்த பள்ளத்தாக்குகளில் கடல் புகுந்துகொண்டது.