சென்னைக்கு முதல்முறை குடும்பத்தோடு: நான்கு நாள் சுற்றுலாவுக்குத் திட்டம் போடுவது எப்படி?

ஊரிலிருந்து சொந்தக்காரர்கள் சென்னை பார்க்கக் கிளம்பும்போது பெரும்பாலும் ஒரே பட்டியலைத்தான் அனுப்புவார்கள்: மெரினா, வண்டலூர், மகாபலிபுரம், தி.நகர், மயிலாப்பூர் கோயில், மியூசியம். நல்ல பட்டியல்தான். ஆனால் சென்னை கடற்கரையை ஒட்டி வடக்கும் தெற்குமாக நீண்டு கிடக்கும் ஊர். காலையில் வண்டலூர், மாலையில் மெரினா என்று வைத்துக்கொண்டால் பிள்ளைகள் பார்ப்பதெல்லாம் வண்டலூருக்குப் போகும் ஜி.எஸ்.டி. நெடுஞ்சாலையின் நெரிசலைத்தான். அதனால் இந்த விளக்கம் முழுவதும் ஒரே விதியின் மேல் நிற்கிறது: ஒரு நாளைக்கு ஒரு திசை. அதை மட்டும் விடாமல் பிடித்துக்கொண்டால் நெரிசலில் போகிற நேரம் பெருமளவு மிச்சமாகும்.

படி 1: மாதத்தைத் தேர்ந்தெடுங்கள்

முடிந்தால் டிசம்பர் கடைசியிலிருந்து பிப்ரவரிக்குள் வாருங்கள். அரையாண்டுத் தேர்வு விடுமுறை இதற்குத் தோதாக வரும். அக்டோபர் நடுவிலிருந்து டிசம்பர் நடு வரை வடகிழக்குப் பருவமழைக் காலம். ஒரு நாள் கனமழை கொட்டினாலும் வெளியே போகப் போட்ட திட்டம் கலைந்துவிடும். மே மாதத்தைத் தவிர வேறு வழியே இல்லாத குடும்பங்களும் உண்டு. அவர்கள் காலை 6 மணி முதல் 11 வரையும், மாலை 4:30க்குப் பிறகும் மட்டும் வெளியே வருவது என்று முடிவு செய்துகொள்ள வேண்டும். அக்னி நட்சத்திர வெயிலில் மாமல்லபுரத்துப் பாறையில் வெறுங்கால் வைக்க முடியாது.

பொங்கல் விடுமுறையில் வருபவர்கள் காணும் பொங்கலன்று மெரினாவையும் வண்டலூரையும் தவிர்த்துவிடுங்கள். சென்னையே அன்று அங்கேதான் இருக்கும். கூட்டத்தைப் பார்க்கவே வருகிறோம் என்றால் வாருங்கள், ஆனால் சின்னப் பிள்ளைகளோடு வேண்டாம்.

படி 2: வார விடுமுறையைப் பார்த்த பிறகே தேதியைக் குறியுங்கள்

டிக்கெட் எடுத்துவிட்டு இடங்களைத் தேடுவதுதான் வழக்கம். அதைத் தலைகீழாகச் செய்யுங்கள். திங்கட்கிழமை வடநெம்மேலி முதலைப் பண்ணையும் மெரினா கலங்கரை விளக்கமும் மூடியிருக்கும். செவ்வாயன்று வண்டலூர் உயிரியல் பூங்கா, கிண்டி சிறுவர் பூங்கா, அதை ஒட்டிய பாம்புப் பண்ணை, முட்டுக்காட்டில் பழைய வீடுகளைக் காட்சிக்கு வைத்திருக்கும் தக்ஷிணசித்ரா எல்லாவற்றுக்கும் விடுமுறை. எழும்பூர் அரசு அருங்காட்சியகமும் செயின்ட் ஜார்ஜ் கோட்டை அருங்காட்சியகமும் வெள்ளிக்கிழமை திறப்பதில்லை.

இதை ஒரு தாளில் எழுதிப் பார்த்தாலே வழி தெரிந்துவிடும். வியாழன் காலை வந்து ஞாயிறு இரவு திரும்புவது முதல்முறை வருபவர்களுக்கு வசதியான கணக்கு. அருங்காட்சியகத்தை வியாழனில் முடித்துவிட்டால், மிச்சமுள்ள மூன்று நாளில் எந்தக் கதவும் உங்கள் முகத்தில் சாத்தப்படாது. கிளம்புவதற்கு முந்தைய நாள் ஒருமுறை அந்தந்த இடத்தின் இணையதளத்தையும் பார்த்துவிடுங்கள். தேசிய விடுமுறை, பராமரிப்பு வேலை என்று ஏதாவது வரலாம்.

படி 3: எங்கே இறங்குகிறோம் என்பதைத் தெரிந்துகொள்ளுங்கள்

ரயில் முன்பதிவு இப்போது 60 நாளுக்கு முன்புதான் திறக்கிறது. பழைய 120 நாள் கணக்கு 2024 நவம்பரோடு போய்விட்டது. பள்ளி விடுமுறைக் காலத்தில் திறந்த அன்றே போட்டுவிடுவது நல்லது. 5 வயது நிறைந்த பிள்ளைக்குத் தனிப் படுக்கை கேட்டால் முழுக் கட்டணம். படுக்கை வேண்டாம், எங்களோடு படுத்துக்கொள்ளட்டும் என்றால் 12 வயதுக்குள் இருக்கும் பிள்ளைக்குப் பாதிக் கட்டணம்.

தென்மாவட்ட ரயில்கள் தாம்பரம் வழியாக எழும்பூருக்கு வரும். கோவை, சேலம் பக்கத்து ரயில்கள் சென்ட்ரலுக்கு வரும். எழும்பூர் நிலையத்தில் மறுசீரமைப்பு வேலை நடப்பதால் சில ரயில்கள் தாம்பரத்தோடு நின்றுவிடுவதும் உண்டு. உங்கள் டிக்கெட்டில் எந்த நிலையம் போட்டிருக்கிறது என்று பாருங்கள்.

பேருந்தில் வருபவர்கள் கோயம்பேட்டை மறந்துவிட வேண்டும். 2023 டிசம்பர் கடைசியில் கிளாம்பாக்கம் பேருந்து முனையம் திறந்த பிறகு, தென்மாவட்ட அரசு விரைவுப் பேருந்துகள் அங்கேதான் வந்து நிற்கின்றன. அது வண்டலூருக்குப் பக்கத்தில் இருக்கிறது. நகரின் நடுப்பகுதிக்கு வர இன்னும் ஒரு மணி நேரத்துக்கு மேல் ஆகும். உள்ளே மாநகரப் பேருந்துகள் தயாராக நிற்கும், அதில் ஏறிக்கொள்ளலாம். அதிகாலைத் தூக்கக் கலக்கத்தில், பெட்டிகளோடு இறங்குமிடத்தில் பேரம் பேசி ஆட்டோ ஏறாதீர்கள். செயலி வழியாக வண்டி பிடித்தால் தொகை முன்பே தெரிந்துவிடும்.

படி 4: தங்குமிடம்

இந்தப் படிக்கு நேரம் செலவிடுங்கள். மற்ற எல்லாமே இதைப் பொறுத்துத்தான் அமையும்.

முதல்முறை வருபவர்களுக்கு நான் எழும்பூரைத்தான் சொல்வேன். ரயில் நிலையத்துக்கு எதிரே கென்னட் லேன் முழுக்க லாட்ஜ்கள். மின்சார ரயில், மெட்ரோ இரண்டும் காலடியில் இருக்கின்றன, சென்ட்ரலுக்கு மெட்ரோவில் ஒரே நிறுத்தம், அருங்காட்சியகத்துக்கு ஆட்டோவில் சில நிமிடம். தி.நகரில் தங்கினால் துணி வாங்க வசதி. ஆனால் மாலையில் அந்தத் தெருக்களுக்குள் வண்டி நுழைவதற்கே பொறுமை வேண்டும்.

அறையைப் போனில் பேசும்போது வாடகையை மட்டும் கேட்டுவிட்டு வைத்துவிடாதீர்கள். முக்கியமான கேள்வி இது: 24 மணி நேரக் கணக்கா, மதியம் 12 மணிக் கணக்கா? இரவு ரயிலில் வருபவர்கள் காலை 5 மணிக்கே வாசலில் நிற்பார்கள். 12 மணிக் கணக்கு வைத்திருக்கும் இடத்தில் அந்த நேரத்தில் அறை கிடைக்காது, அல்லது ஒரு நாள் வாடகை கூடுதலாகப் போகும். பாட்டி தாத்தா கூட வந்தால் லிஃப்ட் உண்டா, கழிப்பறை வெஸ்டர்னா என்பதையும் கேளுங்கள். வெந்நீர் எந்த நேரம் வரை வரும், கூடுதல் மெத்தை தருவார்களா, கடைசி நாள் அறையைக் காலி செய்த பிறகு பெட்டிகளை வரவேற்பறையில் வைத்துக்கொள்வார்களா? இந்தக் கடைசிக் கேள்வி ஞாயிற்றுக்கிழமை உங்களைக் காப்பாற்றும். பெரியவர்கள் எல்லோரும் அசல் அடையாள அட்டையைக் கையில் வைத்திருங்கள்.

படி 5: நாள்களை நிரப்புங்கள்

வியாழன், எழும்பூர். இரவெல்லாம் பயணம் செய்த உடம்பு. குளித்து, சாப்பிட்டு, ஒரு தூக்கம் போட்டுவிட்டு 11 மணிக்கு அருங்காட்சியகம் போனால் போதும். 1851இல் தொடங்கிய இடம் இது, தனித்தனிக் கட்டடங்களாக விரிந்து கிடக்கும். எல்லாவற்றையும் பார்த்தே தீருவது என்று நடந்தால் எல்லோருக்கும் கால் வலிதான் மிஞ்சும். நேராக வெண்கலச் சிலைக் கூடத்துக்குப் போங்கள். திருவாலங்காட்டு நடராஜர் அங்கே இருக்கிறார். பாடப் புத்தகத்தில் படமாகப் பார்த்த சோழர் வார்ப்பை எதிரே நின்று பார்ப்பதற்காகவே சென்னை வரலாம் என்பது என் எண்ணம். அமராவதிச் சிற்பங்கள் அடுத்து. பிள்ளைகள் சலித்துப்போகும் நேரத்தில் விலங்கியல் பகுதிக்குக் கூட்டிப்போய்த் திமிங்கில எலும்புக்கூட்டைக் காட்டுங்கள். மாலையில் தெம்பிருந்தால் மின்சார ரயிலில் கடற்கரை நிலையம் போய், பர்மா பஜார் பக்கம் தள்ளுவண்டியில் அத்தோ சாப்பிட்டுவிட்டு வாருங்கள். பர்மாவிலிருந்து திரும்பி வந்த தமிழர்கள் கொண்டுவந்த நூடுல்ஸ் பண்டம் அது.

ஒன்றைக் குறித்துக்கொள்ளுங்கள்: கடற்கரை ரயில் நிலையத்தில் இறங்கினால் மெரினா வராது. அது பாரிமுனைக்குப் பக்கத்தில், துறைமுகத்துக்கு எதிரே இருக்கும் நிலையம். புதிதாக வருபவர்கள் பலர் அங்கே இறங்கிக் கடலைத் தேடுகிறார்கள்.

வெள்ளி, மயிலாப்பூரும் மெரினாவும். எழும்பூரில் மின்சார ரயில் ஏறி, கோட்டை நிலையத்தில் இறங்கி, அங்கேயே பறக்கும் ரயிலுக்கு (உயர்ந்த பாலத்தின் மேல் ஓடும் மின்சார ரயில்) மாறினால் மயிலாப்பூருக்கான திருமயிலை நிலையம். கபாலீசுவரர் கோயில் நண்பகலில் நடை சாத்தினால் மாலை 4 மணிக்குத்தான் திறக்கும், ஆகவே காலையிலேயே போய்விடுங்கள். மாட வீதிகளில் பூ, பாத்திரம், பூசைச் சாமான் கடைகளைப் பார்த்துக்கொண்டே நடக்கலாம். அங்கிருந்து ஆட்டோவில் சாந்தோம் தேவாலயம். இயேசுவின் சீடர் தோமாவின் கல்லறை என்று நம்பப்படும் இடத்தின் மேல் எழுந்த ஆலயம் அது. இரண்டாம் கட்ட மெட்ரோ வேலைக்காக இந்தப் பக்கத்தில் பல தெருக்களைத் திருப்பிவிட்டிருக்கிறார்கள், அதனால் தூரம் குறைவாக இருந்தாலும் நேரம் கொஞ்சம் கூடுதலாக வைத்துக்கொள்ளுங்கள்.

மதியம் அறைக்குத் திரும்பித் தூங்குங்கள். இதை வீண் என்று நினைக்க வேண்டாம். தூங்கி எழுந்த பிள்ளைதான் மாலையில் கடலைக் கண்டு குதிக்கும்.

மாலை 4:30க்கு மேல் மெரினா. கடல் கிழக்கே இருப்பதால் சூரியன் ஊர்ப்பக்கம்தான் மறையும், இருட்டும் சீக்கிரம் வந்துவிடும். கடலிலிருந்து சூரியன் எழுவதைப் பார்க்க ஆசைப்பட்டால் வேறொரு நாள் விடியற்காலையில் வாருங்கள், கூட்டமும் குறைவு. மணல் மிக அகலம். அதில் நடக்க முடியாத பெரியவர்களுக்காக விவேகானந்தர் இல்லத்துக்கு எதிரே கடல் பக்கம் நோக்கி மரப்பாதை போட்டிருக்கிறார்கள், சக்கர நாற்காலியும் போகும். தேங்காய் மாங்காய் பட்டாணி சுண்டலை மறக்காதீர்கள்.

ஒரு விஷயத்தில் மட்டும் கண்டிப்பாக இருங்கள்: மெரினாவில் கடலுக்குள் இறங்கக் கூடாது. அங்கே குளிக்கத் தடை இருக்கிறது. கரையை ஒட்டியே ஆழம் சட்டென்று கூடும், திரும்பும் அலை காலடி மணலை அரித்துக்கொண்டு ஆளை இழுக்கும். நீச்சல் தெரிந்தவர்களும் இங்கே உயிரை விட்டிருக்கிறார்கள். கிணற்றிலும் ஆற்றிலும் நீந்திய பழக்கம் இந்தக் கடலுக்குப் போதாது. பிள்ளைகள் கால் நனைக்கும்போது பெரியவர் ஒருவர் மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டு நிற்கட்டும், போனைப் பையில் போட்டுவிட்டு.

கூட்டத்தில் பிரிந்துவிட்டால் எங்கே சேர்வது என்று மணலில் இறங்கும் முன்பே பேசிவிடுங்கள். உழைப்பாளர் சிலையை எல்லோருக்கும் தெரியும், எவரைக் கேட்டாலும் வழி சொல்வார்கள். பிள்ளைகளின் சட்டைப்பையில் உங்கள் கைப்பேசி எண் எழுதிய சீட்டு இருக்கட்டும்.

சனி, கிழக்குக் கடற்கரைச் சாலை. இந்த ஒரு நாளுக்கு மட்டும் வாடகைக் கார் எடுப்பது குடும்பத்துக்கு நல்லது. செலவைக் குறைக்க நினைத்தால் திருவான்மியூர் போய்ப் பேருந்து பிடிக்கலாம். போகும் வழியில் முட்டுக்காட்டில் தக்ஷிணசித்ரா, அடுத்து வடநெம்மேலி முதலைப் பண்ணை, கடைசியில் மாமல்லபுரம். எல்லோரும் இந்த வரிசையிலேயே நின்று நின்று போய், உச்சி வெயிலில் மாமல்லபுரத்தில் இறங்குகிறார்கள். நீங்கள் விடிந்ததும் கிளம்பி நேராக மாமல்லபுரம் போங்கள், மற்றவற்றைத் திரும்பும் வழியில் பாருங்கள்.

முதலில் ஐந்து ரதம், பிறகு கடற்கரைக் கோயில். இரண்டுக்கும் ஒரே டிக்கெட்தான், 15 வயதுக்கு உட்பட்டவர்களுக்குக் கட்டணம் இல்லை. ரதங்கள் பாறையையே செதுக்கி உருவாக்கியவை, கடற்கரைக் கோயில் கல்லை அடுக்கிக் கட்டியது. இந்த வேறுபாட்டை மட்டும் பிள்ளைகளுக்குச் சொல்லிவிட்டு, மற்றதை அவர்களே கண்டுபிடிக்க விடுங்கள். அர்ச்சுனன் தபசு பாறையில், ஒரு பூனை கைகளைத் தூக்கித் தவம் செய்வதையும் அதைச் சுற்றி எலிகள் இருப்பதையும் யார் முதலில் காட்டுவது என்று போட்டி வையுங்கள். பெரியவர்களும் நின்று பார்ப்பார்கள்.

திரும்பும்போது மற்ற இரண்டில் ஒன்று போதும். சின்னப் பிள்ளைகள் என்றால் முதலைப் பண்ணை. கொஞ்சம் வளர்ந்தவர்களும் தாத்தா பாட்டியும் என்றால் தக்ஷிணசித்ரா. பழைய செட்டிநாட்டு வீடு, கேரள வீடு, கர்நாடக வீடு என்று அந்தந்த ஊரில் பிரித்தெடுத்து வந்து இங்கே மறுபடி கட்டியிருக்கிறார்கள். தாத்தா பாட்டிக்குத் திண்ணையையும் முற்றத்தையும் கண்டால் பேச நிறைய இருக்கும்.

ஞாயிறு, வண்டலூர். அறையைக் காலி செய்து, பெட்டிகளை லாட்ஜில் ஒப்படைத்துவிட்டு எழும்பூரில் செங்கல்பட்டு மின்சார ரயில் ஏறுங்கள். வண்டலூர் நிலையத்திலிருந்து பூங்கா பக்கம்தான். ஞாயிறு என்பதால் டிக்கெட்டை இணையத்தில் முன்பே எடுத்துக்கொண்டு, 9 மணிக்குத் திறக்கும்போதே உள்ளே போய்விடுங்கள். வெயில் ஏறினால் விலங்குகள் நிழலில் படுத்துக்கொள்ளும். பூங்கா 600 ஹெக்டேருக்கு மேல் பரந்தது, முழுவதும் நடக்கக் கிளம்பாதீர்கள். பேட்டரி வண்டியையும் சிங்க உலாவையும் முதலில் முடித்துக்கொண்டு, நடக்கிற பகுதியைப் பிறகு பாருங்கள். பேருந்தில் ஊர் திரும்புபவர்களுக்குக் கிளாம்பாக்கம் அடுத்த வாசல் மாதிரி. அவர்கள் மட்டும் சனிக்கிழமை இரவுக்குத் தாம்பரத்தில் அறை எடுத்துக்கொண்டால் பெட்டியைத் தூக்கிக்கொண்டு எழும்பூருக்கும் திரும்பவும் அலைய வேண்டாம்.

படி 6: தி.நகரை எங்கே வைப்பது?

வெள்ளிக்கிழமை மயிலாப்பூர் முடிந்ததும் ஒரு எட்டு போய்விட்டு வரலாம் என்று சொல்வார்கள். ரங்கநாதன் தெருவுக்குள் ஒரு எட்டு என்பது கிடையாது, உள்ளே போனால் அரை நாள். வாங்குவது முக்கியமென்றால் வியாழன் மாலை அத்தோவை விட்டுவிட்டுத் தி.நகர் போங்கள். மாம்பலம் நிலையத்திலிருந்து பேருந்து நிலையம் வரை உயர்நடைபாதை இருக்கிறது, பிள்ளைகளோடு கூட்டத்துக்கு மேலேயே கடந்துவிடலாம். துணிக்கான பணத்தைச் சுற்றுலாப் பணத்தோடு கலக்காமல் தனிப் பர்ஸில் வையுங்கள்.

படி 7: செலவும் கைப்பையும்

சாதாரணக் கட்டண மாநகரப் பேருந்தில் பெண்களுக்குக் கட்டணம் இல்லை. ஏறும்போது பேருந்தின் முகப்பைப் பார்த்துக்கொள்ளுங்கள், டீலக்ஸுக்கும் ஏசிக்கும் இது பொருந்தாது. ‘சென்னை ஒன்’ செயலியில் பேருந்து, மெட்ரோ, மின்சார ரயில் மூன்றுக்கும் டிக்கெட் எடுக்கலாம். அதைக் கிளம்பும் முன்பே ஊரிலேயே கைப்பேசியில் ஏற்றி, பெரிய பையனிடமோ பெண்ணிடமோ வழி பார்க்கும் பொறுப்பைக் கொடுத்துவிடுங்கள்.

கைப்பையில் தண்ணீர், தொப்பி, ஓஆர்எஸ் பொட்டலம், பெரியவர்களின் மருந்து, பிள்ளைகளுக்கு ஒரு மாற்றுத்துணி இருந்தால் போதும். உயிரியல் பூங்காவுக்குள் பிளாஸ்டிக் பை எடுத்துப் போக முடியாது, துணிப்பையில் மாற்றிக்கொள்ளுங்கள். ஞாயிறு இரவு ரயிலுக்குக் குறைந்தது இரண்டு மணி நேரம் முன்னதாக எழும்பூருக்கு வந்துவிடுங்கள். பெட்டிகளை வாங்கிக்கொண்டு, சாப்பிட்டுவிட்டு, நடைமேடைக்குப் போக அந்த நேரம் சரியாக இருக்கும்.