மர வாஷ்பேசின் கேபினெட்: விளிம்பு நனையாமல் செய்யும் முறை

குளியலறையைப் புதுப்பிக்கும்போது வாஷ்பேசினுக்கு அடியில் மரக் கேபினெட் வைத்தால், அது முதலில் ஊதுவது வெட்டு விளிம்புகளில்தான். லேமினேட் ஒட்டிய பரப்பு தண்ணீரைத் தாங்கும். கதவின் அடி விளிம்பும் குழாய்க்காகப் போட்ட ஓட்டையும் மூடாமல் கிடந்தால், பிளைவுட் அங்கிருந்துதான் ஈரத்தை உறிஞ்சும்.

பலகையில் ஐஎஸ் 710 (மரைன் பிளைவுட்டுக்கான இந்தியத் தரம்) முத்திரை இருக்க வேண்டும். 'வாட்டர்ப்ரூஃப்' என்ற வாய்ச்சொல்லை நம்பி வாங்காதீர்கள். 18 மி.மீ. தடிமனில் 8×4 அடிப் பலகை ஒன்று போதும். மிச்சத்தில் உள்தட்டு போடலாம். எம்.டி.எஃப்., பார்ட்டிகிள் போர்டு இரண்டும் இங்கே வேண்டாம்.

உயரத்தை மேலிருந்து கீழாகக் கணக்கிடுங்கள். பேசின் விளிம்பு தரையிலிருந்து 820 மி.மீ. வாக்கில் இருந்தால் பெரும்பாலானோருக்கு அதிகம் குனியாமல் முகம் கழுவ வரும். கல்லின் மேல் உட்காரும் டேபிள்டாப் பேசின் 130, கிரானைட் 18, கேபினெட் 420 போக, கீழே 250 மி.மீ. இடைவெளி கிடைக்கும். அதாவது பெட்டி சுவரில் தொங்கும்; வாளித் தண்ணீர் ஊற்றிக் கழுவும் வீடுகளில் இந்த இடைவெளி அவசியம். தரையில் உட்காரும் பெட்டியின் அடி காயவே காயாது.

அகலம் 900, ஆழம் 480 என்று வைத்துக்கொள்வோம். பலரும் தடுமாறுவது இங்கேதான்: 18 மி.மீ. பலகையில் வெளியே 1, உள்ளே 0.8 மி.மீ. லேமினேட் ஒட்டினால் பக்கப் பலகை ஏறத்தாழ 20 ஆகிவிடும். ஆகவே இடையில் வரும் அடிப்பலகையின் நீளம் 860. 864 என்று அறுத்தால் பெட்டி பிதுங்கும். கதவு இரண்டு, ஒவ்வொன்றும் முடிந்த அளவில் 447×417. சுற்றிலும் விளிம்பை மூடும் 2 மி.மீ. பி.வி.சி. பட்டை (எட்ஜ் பேண்ட்) வருவதால் பலகையை 443×413 என்று அறுங்கள். கதவின் இரு முகத்திலும் லேமினேட் ஒட்டியே தீர வேண்டும். ஒரு முகத்தில் மட்டும் ஒட்டினால் வில்லாக வளையும். எட்ஜ் பேண்டைக் கையால் ஒட்டினால் சீக்கிரம் உரியும், மெஷின் உள்ள கடையில் சூட்டில் ஒட்டித் தரச் சொல்லுங்கள்.

பின்பலகை போடாதீர்கள். மேலும் கீழுமாக 100 மி.மீ. அகலத்தில் இரண்டு பட்டிகள் போதும்: சுவர் மூச்சு விடும், குழாயைக் கழற்றவும் இடமிருக்கும். முன்பக்கம் மேலே கல் உட்கார இன்னொரு பட்டி கொடுங்கள். மூட்டுகளில் நீர்ப்புகாப் பசை தடவி, 3 மி.மீ. ஓட்டை போட்ட பிறகு 50 மி.மீ. எஸ்.எஸ். ஸ்க்ரூ ஏற்றுங்கள். ஓட்டை போடாமல் ஏற்றினால் விளிம்பு பிளக்கும். குழாய் ஓட்டைகளின் உள்பக்கம் உட்பட, மூடாத எல்லா விளிம்புக்கும் பி.யு. (பாலியூரித்தேன்) சீலர் இரண்டு கை அடியுங்கள்.

கிரானைட் மட்டுமே 22 கிலோ தாண்டும். மேலே கை ஊன்றி நிற்பவரின் எடையும் சேரும். அதனால் பட்டியைச் சுவரோடு பிடிக்கும் ஆங்கர் (சுவருக்குள் விரிந்து பிடிக்கும் போல்ட்) டைல்ஸையும் பூச்சையும் கடந்து செங்கலுக்குள் குறைந்தது 50 மி.மீ. போக வேண்டும். பட்டி 18, டைல்ஸும் பூச்சும் சுமார் 25 என்றால், 10 மி.மீ. ஆங்கர் 100 மி.மீ. நீளம் வேண்டும். மேல் பட்டியில் மூன்று, கீழ்ப் பட்டியில் இரண்டு. ஹாலோ பிளாக் சுவரில் இந்த ஆங்கர் பிடிக்காது, பசையால் பிடிக்கும் கெமிக்கல் ஆங்கர்தான். சுவருக்குள் குழாய் போகும் பாதையைக் குறித்துவிட்டு, டைல்ஸ் தாண்டும்வரை டிரில்லில் ஹாமர் முறையைப் போடாமல் துளையிடுங்கள்.

கல் கதவுக்கு வெளியே 20 மி.மீ. நீண்டு, அதன் அடியில் விளிம்பை ஒட்டி நீளவாக்கில் ஒரு காடி (சிறு பள்ளம்) இருந்தால், வழியும் தண்ணீர் கதவுக்கு வராமல் அங்கேயே சொட்டிவிடும். கல்லறுப்பவரிடம் முன்கூட்டியே சொன்னால் சில நிமிட வேலை. சுவரும் கல்லும் சேரும் இடத்தில் வெள்ளை சிமென்ட் விரிசல் விடும். பூஞ்சை பிடிக்காத சானிட்டரி சிலிகான் போட்டு 24 மணி நேரம் விடுங்கள். கீல் எஸ்.எஸ். 304, கதவுக்கு இரண்டு.

கடைசியாக பேசினை நிரப்பி ஒரே மூச்சில் திறந்துவிட்டு, அடியில் கழிவுநீர் போகும் பாட்டில் ட்ராப்பின் மூட்டுகளை உலர்ந்த டிஷ்யூவால் துடைத்துப் பாருங்கள். ஈரம் தெரிந்தால் வாஷர் சரியாக உட்கார்ந்திருக்கிறதா என்று பார்த்துவிட்டுக் கையாலேயே முறுக்குங்கள். பிளாஸ்டிக் நட்டை ஸ்பேனரால் இறுக்கினால் மறை போய்விடும்.