மாந்தோட்டத்தில் பரிசோதனை: காயை எண்ணி ஏமாறாதீர்கள்

திருகோணமலைக் கரையோரம், நிலாவெளி, குச்சவெளிப் பக்கம் மாமரத்திலோ மரமுந்திரிகையிலோ பசளைப் பரிசோதனை வைக்கும் மாணவர்கள் வருடாவருடம் அதே இடங்களில்தான் சறுக்குகிறார்கள். மரத்துக்கு இலக்கம் போடாதது, தராசைச் சரிபார்க்காதது எல்லாம் முதல் மாதமே வெளித்துவிடும், அவற்றை விடுவோம்.

காயைப் பிரதியாக எண்ணுவது

பிரதி என்றால், ஒரு பசளை அளவைத் தனித்தனியே மறுபடி கொடுத்துப் பார்க்கும் ஒவ்வொரு தடவையும். நான்கு பசளை அளவு, ஐந்து மரம் கொண்ட நான்கு வரிசை. சொட்டுநீர்க் குழாய் வரிசையாகப் போவதால் வரிசைக்கு ஓர் அளவு கொடுத்துவிடுகிறார்கள். அறுவடையில் வரிசைக்கு 20 காய் நிறுத்து, "80 தரவு இருக்கு சேர்" என்கிறார்கள். கணினியும் மறுக்காமல் விடை தருகிறது. ஆனால் ஒவ்வோர் அளவுக்கும் இருப்பது ஒரே வரிசை, ஒரே பிரதி. கடற்பக்க வரிசையில் மணலும் உப்புக்காற்றும். உள்வரிசையில் மண் கொஞ்சம் கனதி. காய் பெருத்தது பசளையாலா நிலத்தாலா என்று இனி எந்தக் கணக்காலும் பிரிக்க முடியாது. நெல் என்றால் அடுத்த போகத்தில் திருத்தலாம். மாமரத்தில் வருடங்கள் போய்விடும்.

வரிசைக்கு ஓர் அளவு கொடுத்தால் வரிசைதான் அலகு, அதாவது ஒன்று என்று எண்ண வேண்டியது. மரத்துக்கு மரம் தனியாக அளவு கொடுத்தால் மரம்தான் அலகு. 20 காய் நிறுத்தால் அந்த மரத்தின் சராசரி திருத்தமாகும், அவ்வளவே.

அதே 20 மரத்தையும் கரையிலிருந்து ஏறத்தாழ ஒரே தூரத்தில் நிற்கும் நான்கு நான்காக ஐந்து தொகுதியாக்குங்கள். தொகுதிக்குள் நான்கு அளவையும் சீட்டுக் குலுக்கி எழுமாறாகக் கொடுங்கள். குழாயை மாற்ற வேண்டியதில்லை. தண்ணீர் எல்லாருக்கும் ஒன்றாகப் போகட்டும், பசளையை நிறுத்து மரத்தடியில் கையால் இடுங்கள்.

பசளை இடுமுன்பே, ஒட்டுக்கு மேல் 20 செ.மீ உயரத்தில் வர்ணக் கோடு போட்டு அடிமரத்தின் சுற்றளவை அளந்துவிடுங்கள். அதன் வர்க்கத்தை 12.57 ஆல் பிரித்தால் அடிமரக் குறுக்குப் பரப்பு: 60 செ.மீ சுற்றளவுள்ள மரத்துக்கு ஏறத்தாழ 286 சதுர செ.மீ. பெரிய மரம் கூடுதலாகக் காய்ப்பதை இதைக் கொண்டு சரிக்கட்டலாம். பசளை இட்ட பிறகு அளந்த சுற்றளவு இதற்கு உதவாது. அதிலே பசளையின் வேலையும் கலந்திருக்கும்.

காவல் மரம் விடாதது

பக்கத்து மரத்தின் வேர் உங்கள் யூரியாவைத் தின்னும். பரிசோதனை மரங்களுக்கு இடையில் கணக்கில் சேராத ஒரு மரம் விடுங்கள், அதுதான் காவல் மரம். தோட்டம் அதற்கேற்பப் பெரிதாக வேண்டும்.

ஒரு வருட விளைச்சல்

பல மா இனங்கள் ஒரு வருடம் கொட்டும், மறுவருடம் ஓயும். குறைந்தது இரண்டு வருடக் கூட்டுத்தொகை.

விதைக்கன்று மரமுந்திரிகை

வேண்டாம். ஒவ்வொரு மரமும் ஒவ்வொரு சாதி.

மாரி மழை

மணலில் முழு நைதரசனையும் ஒரேயடியாகப் போட்டால் நவம்பர் அடைமழை வேருக்குக் கீழே கொண்டுபோய்விடும். பிரித்து இடுங்கள், திகதியை எழுதுங்கள்.

குரங்கு தின்ற காய்

"தரவு இல்லை" என்று எழுதுங்கள். பூச்சியம் போட்டால், அந்த மரம் காய்க்கவில்லை என்றுதான் கணக்கு எடுத்துக்கொள்ளும்.